பைக் இன்ஜின் போட்ட காரில் பெட்ரோலும் பெடலும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பைக்கில் இருந்தவரை ஒழுங்காக ஓடிய இன்ஜின், நாம் கட்டிய சட்டத்துக்குள் இறங்கியதும் திணற ஆரம்பித்தால், கோளாறு பெரும்பாலும் இன்ஜினுக்குள் இல்லை. அதைச் சுற்றி நாம் எதையெல்லாம் மாற்றினோமோ அங்கேதான் இருக்கிறது. ஆனால் வியாசர்பாடியிலோ மாதவரத்திலோ ஷெட் போட்டு ஒற்றை இருக்கை வண்டி கட்டும் தம்பிகள் முதலில் கேட்பது, "ஜெட்டை மாத்திப் பாத்துரலாமாண்ணே?" இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால், "மேப் சரியில்லண்ணே, லேப்டாப் இருக்கா?" ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை; மேப் என்பது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதிய கணக்கு. இரண்டும் கடைசியில் தொட வேண்டியவை. முதலிலேயே தொட்டுவிட்டால், நன்றாக இருந்த ஒன்றும் கெட்டுப்போய், எது காரணம் என்றே தெரியாத நிலைக்கு வந்துவிடுவோம்.

நாம் மாற்றியவை நான்கு. இன்ஜினுக்கு மேலே இருந்த டேங்க் கீழே, பின்னால் போய்விட்டது. கை திருகிய ஆக்ஸிலேட்டரைக் கால் மிதிக்கிறது. காற்றுப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டோம். நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: வண்டி இனி சாய்வதில்லை. பைக் வளைவில் சாயும்போது புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்து வண்டியின் நடுக்கோடு வழியாகவே இறங்கும். அதனால் டேங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் பெட்ரோல், வண்டியின் கணக்கில் மட்டமாகவே நிற்கும். கார் நிமிர்ந்தபடியே திரும்புகிறது. 1 ஜி பக்கவாட்டு விசை வந்தால் பெட்ரோலின் மட்டம் 45 பாகை சாய்ந்துவிடும். கீழே வரும் வளைவுக் கோளாறுகளுக்கு இதுதான் வேர்.

சோதிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பவுடர் தீயணைப்பான், பெட்ரோல் பிரஷர் கேஜ், அளவு போட்ட ஒரு லிட்டர் பாட்டில், மல்டிமீட்டர், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். ஓட்டுநர் கை எட்டும் இடத்தில், இன்ஜினை உடனே அணைக்க ஒரு கில் சுவிட்ச். ஷட்டரை மூடிவிட்டுப் பெட்ரோல் வேலை செய்யவே கூடாது. வண்டியை மணலி சாலையில் இறக்கிப் பார்க்கவும் வேண்டாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு வண்டி யார் கண்ணிலும் படாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இப்படிக் கட்டிய வண்டியைச் சாலைக்கு விடாது. நம் பக்கத்துச் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் போய்விட்டது. இப்போது இருங்காட்டுக்கோட்டைதான்; டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் ஷெட்டிலேயே பிடிக்கக்கூடிய கோளாறை ஷெட்டிலேயே பிடித்துவிடுவது நல்லது.

காலை எடுத்தும் ரேஸ் இறங்கவில்லை

இதை முதலில் எழுதுகிறேன். மற்றவை வண்டியை நிறுத்தும். இது ஆளைச் சுவரில் கொண்டுபோய் மோதும்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுப் பெடலை முழுக்க மிதித்துச் சட்டென்று காலை எடுங்கள். பட்டர்ஃபிளை, அதாவது த்ராட்டிலுக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, 'டக்' என்று ஸ்டாப்பில் போய் அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். மெதுவாகப் போய் உட்கார்ந்தால் அதுவே கோளாறுதான். கேபிளை த்ராட்டில் பக்கம் கழற்றிவிட்டு, விரலால் பட்டர்ஃபிளையைத் திறந்து விடுங்கள். இப்போது சுறுசுறுப்பாக மூடினால் குற்றம் கேபிளிலோ பெடலிலோ இருக்கிறது. அப்போதும் மந்தமாக இருந்தால் அந்தத் தகட்டைத் தாங்கும் அச்சான ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

ஸ்பிண்டில் ஏன் வளைகிறது? பெடலுக்கு ஸ்டாப் வைக்காததால். பைக்கில் மணிக்கட்டின் பலம் மட்டும்தான் கேபிள் மேல் விழும். காரில் பதற்றத்தோடு மிதிக்கும் ஒருவருடைய முழுக் காலின் பலமும் விழுகிறது. பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்கும் அதே நேரத்தில் பெடல் தன் ஸ்டாப்பில் போய் நிற்க வேண்டும். கேபிள் அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இழுபடக் கூடாது.

கேபிளில் பார்க்க வேண்டியது வளைவு. த்ராட்டிலுக்குள் நுழையும் கடைசி நீளம் நேராக இருக்க வேண்டும். நடுவில் கூர்மையான திருப்பம் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஒருவர் இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டட்டும். ஸ்டியரிங்கையும் இரண்டு பக்கம் திருப்புங்கள். ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்த இன்ஜின் லோடு வந்ததும் நகரும். கேபிளின் வெளிக்கூடு சட்டத்தில் மாட்டியிருந்தால், இன்ஜின் நகரும்போது த்ராட்டில் தானாகத் திறக்கும். திறந்தால் இன்ஜின் இன்னும் நகரும். வெளிக்கூட்டின் அந்த முனையை த்ராட்டில் பாடியோடு சேர்ந்த பிராக்கெட்டிலேயே பிடியுங்கள்.

பைக்கில் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று இரண்டு கேபிள் இருக்கும். மூடும் கேபிளை நாம் விட்டுவிடுகிறோம். அதை ஈடுகட்ட, த்ராட்டில் லீவரில் இரண்டாவது ஸ்பிரிங் ஒன்று தனியாக வேண்டும். கல்லூரி மாணவர்கள் கட்டும் ரேஸ் கார்களுக்கான ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியின் விதிகளே இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன: கேபிள் த்ராட்டிலுக்குக் குறைந்தது இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங், ஒன்று போனாலும் மற்றது தனியாக மூட வேண்டும், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் டி.பி.எஸ். சென்சாருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போட்டிக்குப் போகாத வண்டிக்கும் இந்த விதி பொருந்தும் என்பதே என் உறுதியான கருத்து. பெடலின் மேல் பக்கம் ஒரு வளையம் வைத்துவிட்டால், சிக்கிக்கொண்ட பெடலைக் கால்விரலாலேயே தூக்கிவிடலாம்.

நம் பகுதிக்கென்று ஒன்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று கேபிள் முனைகளைத் தின்றுவிடும். திறந்த முனையில் துரு பொரிந்திருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம், கேபிளையே மாற்றுங்கள். உள்ளே டெஃப்லான் குழாய் உள்ள கேபிள், முனையில் ரப்பர் தொப்பி. இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொட்டதும் குதிக்கிறது, அல்லது முழுக்க மிதித்தும் இழுவை இல்லை

இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள். முதலில் ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டர்ஃபிளை காற்றோட்டத்துக்கு நேராக நிற்கிறதா? பவர் இல்லை என்று ஈ.சி.யூ.வை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரை, குடைவதற்கு முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யுங்கள்.

த்ராட்டில் சக்கரத்தை மூடிய நிலையிலிருந்து முழுக்கத் திறக்க, கேபிள் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். 35 மி.மீ. என்று வைப்போம். பாதம் மிதிக்கும் இடம் பெடலின் அச்சிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருக்கிறது, பாதம் நகர வசதியான தூரம் 70 மி.மீ. என்றால், கேபிள் மாட்டும் துளை அச்சிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் வர வேண்டும். துளை அச்சைவிட்டு இன்னும் தள்ளிப் போனால் பாதம் கொஞ்சம் நகர்ந்ததுமே முழு ரேஸ் வந்து வண்டி குதிக்கும். அச்சுக்குக் கிட்டே வந்தால் பெடல் தரையைத் தொட்டாலும் த்ராட்டில் முழுக்கத் திறக்காது. பெடலில் மூன்று நான்கு துளை போட்டு வைத்தால் பிறகு மாற்றிப் பார்க்கச் சுலபம்.

கணக்கு சரியாக இருந்தும் குதிக்கிறதென்றால், குற்றம் குதிகாலில் இருக்கலாம். மேடு பள்ளத்தில் கால் ஆடும். கால் ஆடினால் ரேஸ் ஆடும். குதிகால் ஊன்ற ஒரு கட்டையைத் தரையில் அடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் மேப் கோளாறு என்று நினைத்தது இதோடு தீர்ந்துவிடும்.

கேடிஎம் 390 போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2017 மாடலிலிருந்து அதில் த்ராட்டிலுக்குக் கேபிள் கிடையாது. மின்சாரத்தால் திறக்கும் த்ராட்டில். அதற்கு முந்தைய இன்ஜினுக்கு மேலே சொன்ன கேபிள் கணக்கு. புதியதில் காரின் பெடல் சென்சாரைக் கொண்டுவந்து ஒட்டப் பார்க்காதீர்கள். உள்ளே இரண்டு சிக்னல் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். பொருந்தவில்லை என்றால் ஈ.சி.யூ. ரேஸைக் கட்டிப்போட்டுவிடும். பைக்கின் சொந்தச் சென்சாரையே எடுத்து, பெடல் அதைத் திருப்பும்படி லீவர் செய்வதுதான் வழி.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஆகி உடனே அணைகிறது

சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் பம்பைக் குறை சொல்லும் முன் சாய்வு சென்சாரைத் தேடுங்கள். பைக் கீழே விழுந்தால் பெட்ரோலை நிறுத்துவதற்காக வைத்த சின்னப் பெட்டி அது. கார் கட்டும்போது ஒயரிங்கோடு சேர்ந்து எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது படுக்கவைத்துக் கட்டியிருப்பார்கள். வண்டி விழுந்துகிடக்கிறது என்று ஈ.சி.யூ. நம்பிக்கொண்டிருக்கும். பைக்கில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே போல, நேராக, ரப்பர் வைத்து மாட்டுங்கள். அதன் பிறகு சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச்.

பம்ப் ஓடியும் அணைந்தால் பிரஷர் கேஜைப் போடுங்கள். பெரும்பாலான பைக் இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் அளவில் பிரஷர் வேண்டும். கேஜ் குறைவாகக் காட்டினால், இன்ஜின் ஓடும்போது பம்பின் முனையிலேயே மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரி முன்னால், பம்ப் பின்னால், நடுவில் மெல்லிய ஒயர் என்றால் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். தடித்த ஒயரும் தனி ரிலேயும் போட்டால் பிரஷர் தானாக ஏறும்.

டேங்க் இன்னும் செய்யவில்லையென்றால் என் யோசனை இது: பைக்கின் பம்ப் அசெம்பிளி அப்படியே உட்காரும்படி டேங்கின் அடியில் வட்டம் வெட்டிச் செய்யுங்கள். ஃபில்டரும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். வெளியில் தனித்தனியாக வாங்கிக் கோர்க்கும்போதுதான் கசிவும் பிரஷர் குழப்பமும் தொடங்குகின்றன.

பெட்ரோல் வழிகிறது, பிளக் கறுப்பாகிறது

இது கார்புரேட்டர் வண்டியின் வியாதி. யமஹா ஆர்1 எடுத்துக்கொண்டால் 1998 முதல் 2001 வரை கார்புரேட்டர், 2002-லிருந்து இன்ஜெக்‌ஷன். பழைய நான்கு சிலிண்டர் இன்ஜின் வாங்கியவர்கள் எல்லாரும் இதைச் சந்திப்பார்கள்.

பைக்கில் டேங்க் மேலே இருந்து தன் எடையால் பெட்ரோலை இறக்கியது. ஓர் அடி உயரப் பெட்ரோல் கொடுக்கும் பிரஷர் அரை பி.எஸ்.ஐ.கூட இல்லை. அந்த அளவை அடைத்து நிறுத்தத்தான், கிண்ணம் நிறைந்ததும் வழியை மூடும் மிதவை ஊசி செய்யப்பட்டது. நாம் எலெக்ட்ரிக் பம்பை வைத்து அதைத் தள்ளித் திறக்கிறோம். கார்புரேட்டருக்கென்றே உள்ள குறைந்த பிரஷர் பம்பும் ஒரு ரெகுலேட்டரும் போட்டு, 2 பி.எஸ்.ஐ.யைச் சுற்றி வையுங்கள். 3-ஐத் தாண்டவிடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் பம்பைக் கார்புரேட்டருக்குக் கொடுக்கவே கூடாது. 3 பார் என்பது 43 பி.எஸ்.ஐ.

பிரஷர் சரியாக இருந்தும் வழிந்தால் ரசமட்டத்தை எடுங்கள். பானெட் தாழ்வாக வர வேண்டும் என்று இன்ஜினைச் சாய்த்து மாட்டியிருப்பீர்கள், கிண்ணமும் சாய்ந்திருக்கும். பைக் நிமிர்ந்து நிற்கும்போது கார்புரேட்டர் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணம் வேண்டும்.

வழிந்த வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்க வேண்டாம். பெட்ரோல் சிலிண்டருக்குள் தேங்கியிருந்தால் பிஸ்டன் ஏறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றி வெளியேற்றுங்கள். ஆயில் குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

இன்னொன்று: பம்பைச் சாவியோடு நேராக இணைத்திருந்தால் இன்ஜின் நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கவிழ்ந்த வண்டியில் அறுந்த டியூப் வழியாகப் பெட்ரோல் ஊற்றும். இன்ஜின் சுற்றினால் மட்டும் பம்ப் ஓடும்படி ரிலே போடுவது அவசியம்.

நேர் ஓட்டத்தில் சில விநாடி இழுத்துவிட்டுத் தொய்கிறது

கிண்ணத்தில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, புதிது வந்து சேராமல் தவிக்கிறது. முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். சரியாகிவிட்டால் காற்றோட்டம் இல்லை. வென்ட் குழாயும், கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வும் வையுங்கள்.

சரியாகவில்லையென்றால் பாட்டில் சோதனை. கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, பம்பை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். 100 குதிரைத்திறன் இன்ஜின் முழு ரேஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். 40 குதிரைத்திறனுக்கு 200 மி.லி. பாட்டிலில் அதைவிட ஒன்றரை மடங்காவது விழ வேண்டும். குறைந்தால் ஃபில்டர், நசுங்கிய டியூப், அல்லது பம்ப் டேங்கை விட உயரத்தில் இருப்பது. இந்தப் பம்புகளுக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்தில் வையுங்கள்.

வளைவில் மட்டும் கட் ஆகிறது

நேரில் தங்கமாக ஓடுகிறது, நீண்ட வலது வளைவில் இரண்டு முறை இருமி அணைகிறது. டேங்க் நிரம்பியிருந்தால் வருவதில்லை, பாதியானால் வருகிறது. இது டேங்குக்குள் பெட்ரோல் ஒரு சுவரில் ஏறிவிட்டு, உறிஞ்சும் வாய் காற்றைக் குடிப்பது. உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். அடியில் ஓட்டை போட்ட தகடுகள், பெட்ரோல் மெதுவாகப் போய்வரும்படி. அதோடு ஒரு லிட்டர் அளவில், உயரமாக, ஒல்லியாக ஒரு சர்ஜ் டேங்க். குறைந்த பிரஷர் பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், மிஞ்சியது மேல்வாய் வழியாகப் பெரிய டேங்குக்குத் திரும்பும், இன்ஜெக்‌ஷன் பம்ப் இதன் அடியிலிருந்து எடுக்கும்.

டேங்க் நிரம்பியிருந்தும் வளைவில் கட் ஆனால், கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்தைப் பாருங்கள். அங்கும் பெட்ரோல் சாய்கிறது. இன்ஜின் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது இங்கே முக்கியம். பின்னால் வைத்துச் செயினில் ஓட்டும் வண்டியில் இன்ஜின் பைக்கில் இருந்த திசையிலேயே இருக்கும். முன்னால் வைத்து ஷாஃப்ட் போடும் வண்டியில் 90 பாகை திரும்பிவிடும். அப்போது வலது வளைவில் கிண்ணம் ஒருவிதமாகவும் இடது வளைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். ஒரு பக்கம் ரிச் (பெட்ரோல் அதிகம்), மறுபக்கம் லீன் (பெட்ரோல் குறைவு). மிதவை உயரத்தை மிகச் சிறிதளவு மாற்றிச் சமன் செய்யலாம், முழுக்கத் தீராது. இன்ஜெக்‌ஷன் இன்ஜினைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். இதே விசை ஆயிலையும் ஒதுக்குகிறது. வளைவில் ஆயில் லைட் மினுக்கினால் பெட்ரோல் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, ஆயில் தேங்கும் சம்ப்பைக் கவனியுங்கள். பெட்ரோல் தீர்ந்தால் வண்டிதான் நிற்கும். ஆயில் போனால் பேரிங் போய்விடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்க் நிரம்பியிருந்தும் கட் ஆகிறதா? மறுபடியும் அந்தச் சாய்வு சென்சார். உள்ளே தொங்கும் எடை உள்ள வகையில், 1 ஜி விசையில் எடை 45 பாகை விலகும். கோணலாக மாட்டியிருந்தால் அந்தக் கோணலும் சேர்ந்து, வண்டி விழுந்துவிட்டது என்ற முடிவுக்கு அது வந்துவிடும்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, நடு ரேஸில் பள்ளம்

இன்ஜின் சூடான பிறகு, இன்லெட் ரப்பர்களைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பூவாளி போலத் தெளியுங்கள். ஐட்லிங் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ சூடான இன்ஜின் மேல் அடிப்பவர்களைப் பார்த்தால் தடுங்கள்.

ஐட்லிங் ஸ்குருவைத் திருகி ரேஸ் ஏற்றியிருந்தால் திரும்ப இறக்குங்கள். டி.பி.எஸ். சென்சார் மூடிய நிலைக்கான வோல்ட்டைக் காட்டாவிட்டால் கால் மிதித்திருக்கிறது என்று ஈ.சி.யூ. எண்ணி, ஐட்லிங் கணக்கை விட்டு வெளியே போய்விடும். இரண்டு அல்லது நான்கு த்ராட்டில் உள்ள இன்ஜினில் வேக்கம் கேஜ் போட்டுச் சமன் செய்யாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

நடு ரேஸில் பள்ளம் விழுவது காற்றுப்பெட்டியைக் கழற்றியதன் விலை. வேக்கத்தால் ஸ்லைடு ஏறும் கார்புரேட்டருக்கு, முன்னால் அமைதியாக நிற்கும் காற்று தேவை. கூம்பு ஃபில்டர் அதைத் தராது. பழைய பெட்டியை இடத்துக்கு ஏற்ப வெட்டியாவது திரும்ப வையுங்கள். ஷெட்டில் நன்றாக ரேஸ் ஆகி, வேகத்தில் மட்டும் திணறினால், கிண்ணத்தின் வென்ட் குழாய் ஓடும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதைப் பெட்டிக்குள் விட்டால் போதும்.

இத்தனையும் முடிந்த பிறகு ஜெட், மேப். புகைக் குழாயில் வைட்பேண்டு ஆக்ஸிஜன் சென்சார் போட்டு, லாம்டா அளவிலேயே படியுங்கள்: 1 என்றால் பெட்ரோல் முழுக்க எரியச் சரியான காற்று, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். முழு ரேஸில் 0.86 முதல் 0.90 வரை. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். இப்போது பங்க்கில் வரும் இ20-க்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அந்த எண் சுமார் 13.5. சுத்தப் பெட்ரோலுக்கு ஜெட் போட்ட பழைய இன்ஜின், எதையும் மாற்றாமலே லீனாக ஓடிக்கொண்டிருக்கும்.

சூட்டில் நின்றால் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை; மாதக்கணக்கில் நின்றாலும் ஆகவில்லை

மே மாத வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப அடித்தால் பிடிக்காதது, டியூபுக்குள் பெட்ரோல் ஆவியாவது. டியூபைச் சைலன்சரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். முடியாத இடத்தில் வெப்ப உறை போடுங்கள். ரிட்டர்ன் லைன் இருந்தால் சூடான பெட்ரோல் தேங்காது.

டியூப் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். இன்ஜெக்‌ஷனுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும். வெளியில் போடும் டியூபை உள்ளே போட்டால் வெளிப்பக்க ரப்பர் கரைந்து ஃபில்டரை அடைக்கும். பழைய மிதவை ஊசிகளும் ஓரிங்குகளும் எத்தனாலில் ஊறிப் பெருத்துவிடும். கார்புரேட்டரைத் திறந்த கையோடு கிட் மாற்றிவிடுங்கள்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில், பாதி காலியான டேங்கோடு வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்தினால், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். நிறுத்துவதற்கு முன் கிண்ணத்தைத் திறந்து காலி செய்யுங்கள். திரும்ப எடுக்கும்போது டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால் முழு டேங்கையும் வடித்து, துடைத்து, புது ஃபில்டர் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வடித்ததை எந்த வண்டியிலும் திரும்ப ஊற்ற வேண்டாம். சாக்கடையிலும் கொட்ட வேண்டாம்.